மலைப்பாதையும் பனிநாட்டு உப்பும்

ஐப்பசி பிறந்து வானம் இருண்டுவிட்டால், திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். “மலைப்பாதை திறந்திருக்கிறதா? புறப்பட்டு வரலாமா?” என்று வேலூரிலிருந்து அத்தை கேட்பார், காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தி கேட்பார். ஏழுமலையான் அடிவாரத்தில் குடியேறியதனால் நமக்கு வாய்த்த பேறுகளுள் இதுவும் ஒன்று. உற்றார் உறவினர் அனைவருக்கும் பாதை நிலவரம் அறிவிக்கும் உத்தியோகம் நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அதே நாட்களில், கனடாவுக்குப் போய்க் குடியேறிய பிள்ளைகளிடமிருந்தும் பாதையைப் பற்றிய செய்தி வருகிறது. “தெருவெல்லாம் உப்பைக் கொட்டியிருக்கிறார்கள், அம்மா, செருப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிட்டது” என்று மகள் சொல்லும்போது தாய்க்கு வியப்பாக இருக்கிறது. சமையலறைப் பொருளைத் தெருவில் கொட்டுவானேன் என்று கேட்கிறாள். கேட்க வேண்டிய கேள்விதான். இவ்விரண்டு பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் மலைப்பாதை. 1944-ஆம் ஆண்டுக்கு முன் திருமலைக்குச் செல்வோர் நடந்தே ஏறினர். இயலாதோர் டோலியில் சுமந்து செல்லப்பட்டனர். அலிபிரிப் படிகள் 3,550. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுப் படிகள் 2,388. (தெலுங்கில் ‘மெட்டு’ என்றால் படி, நமக்கோ போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று மலை மேடே மெட்டு. இரு மொழிக்காரரும் மூச்சிரைத்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.) சென்னை மாகாணச் சட்டமன்றம் 1932-இல் இயற்றிய சட்டத்தின்படி திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா மலைப்பாதைக்குத் திட்டம் வகுத்துத் தந்தார். 1944 ஏப்ரலில், அந்நாளைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் அப்பாதையைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது ஆண்டுகளில் அதுவும் போதாமற்போய், 1974-இல் இரண்டாவது பாதை பிறந்தது. இன்று புதிய பாதை ஏறுவதற்கு, பழைய பாதை இறங்குவதற்கு. இடையில் இரண்டையும் இணைக்கும் ஓர் இணைப்புச் சாலை உண்டு. அதன் அருமை பின்னால் விளங்கும்.

இப்பாதைகளைப் பேணுவது நகராட்சியன்று. தேவஸ்தானத்தின் பொறியியல் பிரிவு. குடிநீர், விளக்கு, துப்புரவு, சாலை ஆகிய அனைத்தையும் மலைமேல் நடத்தும் தேவஸ்தானம், கோயிலை நிர்வகிப்பதோடு ஒரு நகரசபையின் வேலையையும் செய்து வருகிறது என்றே கூற வேண்டும்.

இனி அம்மலையின் இயல்பு. அடியில் இருப்பது மிகப் பழைய கருங்கல். அதன்மேல் படிந்திருப்பது குவார்ட்சைட் என்னும் கல், முன்னொரு காலத்து மணல் இறுகி உண்டானது. இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டை மலைப்பாதையின் வெட்டுச்சரிவிலேயே கண்ணால் காணலாம். தொட்டுக்கொண்டிருப்பவை ஆயினும் அவற்றுக்கிடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பது நிலவியலார் கணக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து கோவிந்த நாமம் சொல்லிச் செல்லும் நம்முள் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்த்திருப்போம்?

குவார்ட்சைட் மிகக் கடினமான கல். ஆனால் அடுக்கடுக்காக அமைந்தது. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உடையது. அடைமழை நீர் அவ்வெடிப்புகளில் இறங்குகிறது. அடுக்குகளுக்கிடையே உள்ள மென்மையான களிமண்ணைக் கரைத்துக் கொண்டு போகிறது. போக வழியில்லாத இடத்தில் தேங்கி நின்று கல்லைப் பின்னிருந்து தள்ளுகிறது. மரவேர்கள் தம் பங்குக்கு நெம்புகின்றன. ஆகவே மழை வெறித்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்ளும் வேளையிலும் கல் விழக்கூடும். குடையை மடக்கியவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவது பிழை.

2021-ஆம் ஆண்டு இதை நாம் எல்லோரும் கண்கூடாகக் கண்டோம். அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்கள் ஆறுகளாயின. மலைப்பாதைகளும் நடைபாதைகளும் அடைக்கப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியை வெள்ளம் பல இடங்களில் பெயர்த்துக்கொண்டு போயிற்று. அது செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது 2022 மே மாதத்தில்தான். நகரம் ஒருவாறு தலைநிமிர்ந்த பின், டிசம்பர் 1-ஆம் நாள் காலையில் ஏறுபாதையில் பெரும்பாறைகள் உருண்டு விழுந்து சாலையை உடைத்தன. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. தில்லி ஐ.ஐ.டி.யிலிருந்து வல்லுநர்கள் வந்து சரிவுகளை ஆராய்ந்தனர். பாதை முழுதும் திறக்கப்படுவதற்குள் அடுத்த ஆண்டு ஜனவரி வந்துவிட்டது. அதுகாறும் இணைப்புச் சாலையே கைகொடுத்தது. ஏறும் வண்டிகள் அதன் வழியே பழைய பாதைக்குத் திரும்பி, இறங்கும் வண்டிகளுடன் முறைபோட்டுச் சென்றன.

இத்தகைய மலைச்சாலைகளுக்குப் பொறியியலார் செய்யும் சிகிச்சைகள் பல. தளர்ந்த கற்களைக் கண்டறிந்து, பாதையை அடைத்துவிட்டுத் தாமே முன்கூட்டி உருட்டி விடுவது ஒன்று. உறுதியான பாறையோடு இரும்புத் தண்டுகளால் பிணைப்பது மற்றொன்று. சரிவின்மீது கம்பிவலை போர்த்துவதும், தாங்குசுவர் எழுப்பி நீர் வெளியேற இடையிடையே துளை விடுவதும் உண்டு. ஆயினும் எல்லாவற்றிலும் மலிவானதும் முதன்மையானதும் வேறு. மழைக்கு முன்பே மலைப்பக்கத்துக் கால்வாய்களையும் சிறுபாலங்களின் வாய்களையும் சருகும் மண்ணும் நீக்கித் துப்புரவாக வைப்பதுதான் அது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு கூலியாட்கள் ஆவணி, புரட்டாசியில் செய்யும் அவ்வேலையை எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் புகழ்வதில்லை.

இனிப் பனிநாட்டுக்குச் செல்வோம். நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் டொராண்டோ நகரில், தெருக்களில் படியும் பனியை முதலில் வண்டிகளால் வழித்துத் தள்ளுகிறார்கள். எஞ்சியது இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும். அதற்குத்தான் உப்பு. தூய நீர் சுழிய டிகிரியில் உறையும். உப்பு கலந்தால் அதற்கும் கீழேதான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள நீர், சுழியத்துக்குக் கீழ் 21 டிகிரி வரை உறையாது. ஆனால் தெருவில் நடைமுறை வேறு. குளிர் சுழியத்துக்குக் கீழ் 10 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும். அப்பொழுது மணலைத் தூவிக் காலுக்கும் சக்கரத்துக்கும் பிடிப்பு உண்டாக்குவார்கள். டொராண்டோ நகராட்சி ஆண்டுதோறும் செலவிடும் உப்பு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். ஒன்றாரியோ மாகாணத்தின் கோடரிச் நகரில், ஹியூரன் ஏரியின் அடியில் தோண்டப்பட்ட மாபெரும் சுரங்கம் அந்நாட்டுச் சாலைகளுக்கு உப்பு வழங்குகிறது. வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்புக்காகச் சிறை சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள், அங்கே உப்பின்மேல் நடந்து பள்ளிக்கூடம் செல்கிறார்கள்!

உப்பு மலிவு, பயனுடையது, உயிர் காப்பது. அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் பனி உருகியதும் உப்பு எங்கே போகிறது? மக்கி மறையும் பொருளன்று அது. சாக்கடை வழியே ஸ்கார்பரோவில் ஓடும் ஹைலண்ட் ஓடை போன்ற சிற்றோடைகளில் இறங்கி ஒன்றாரியோ ஏரியைச் சேர்கிறது. நிலத்தடி நீரிலும் இறங்குகிறது. மீன்களும் நீர்ப்பூச்சிகளும் தாங்க மாட்டாமல் மடிகின்றன. பாலத்தின் காங்கிரீட்டுக்குள் புகுந்து இரும்பை அரிக்கிறது. மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைத் தின்கிறது. கனடா அரசு 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்கிறது என்று முடிவு கூறியது. 2004-இல் ஒரு நடைமுறைக் கோவை வந்தது. ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் உப்பிடும் அமைப்புகள், உப்பைச் சிக்கனமாகக் கையாளத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது.

உப்பைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடை செய்தால் மனிதர் விழுவர். ஆகவே அளவுதான் கலையாயிற்று. உப்பைக் கூரையுள்ள கொட்டகையில் சேமித்து, மழையில் கரைந்தோடாமல் காக்கிறார்கள். பனி விழுவதற்கு முன்னரே உப்புநீரைத் தெளித்துவிட்டால், பனி தரையில் ஒட்டுவதில்லை. பின்னர் வேண்டிய உப்பும் குறைகிறது. உலர்ந்த உப்பு சக்கரம் பட்டுத் தெருவோரம் தெறித்துப் போகும். ஈரப்படுத்தித் தூவினால் விழுந்த இடத்திலேயே நிற்கும். காற்றின் வெப்பத்தைவிடத் தரையின் வெப்பமே முக்கியம் என்று அறிந்து, அதை அளந்து, வண்டியிலிருந்து விழும் உப்பின் எடையை முடிவு செய்கிறார்கள்.

நகராட்சி இவ்வளவு கணக்கு வைத்தும், கடைவாசல்களிலும் வண்டி நிறுத்தும் வெளிகளிலும் தனியார் கொட்டும் உப்புக்கு அளவில்லை. யாராவது வழுக்கி விழுந்தால் வழக்குத் தொடுத்துவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். நடுங்கும் கை சற்று அதிகமாகத்தான் தூவும்.

இங்கே நம் பக்கத்து அச்சம் அதற்கு நேர்மாறானது. பாதையை அடைத்தால் யாத்ரிகர் வருந்துவர். பல மாதம் முன்பு சீட்டு வாங்கியவர் கேள்வி கேட்பர். கடைகளுக்கும் வண்டிக்காரருக்கும் வரும்படி போகும். அதனால், இன்னும் ஒரு நாழிகை பார்ப்போம் என்ற நினைப்பு எவருக்கும் எழக்கூடியதே. 2021 நவம்பரில் தேவஸ்தானம் பாதையை அடைத்ததோடு, வர இயலாத சீட்டுக்காரர் பின்னொரு நாளில் தரிசனம் செய்யவும் இடமளித்தது. அது வெறும் சலுகை அன்று. சாலைப் பாதுகாப்பில் அதுவும் ஒரு பகுதி என்பதே என் கருத்து. சீட்டு வீணாகாது என்று தெரிந்தால்தான் கூட்டம் அடிவாரத்தில் முண்டியடிக்காமல் வீட்டிலேயே தங்கும்.

மலையில் காட்டும் கவனம் ஊருக்குள் இல்லை என்பது நம்முள் பலருக்கு மனக்குறை. திருப்பதி 1886-இல் முனிசிபாலிடியாகி 2007-இல் மாநகராட்சியானது. ஆயினும் 2021 அக்டோபரில், திருமலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் வண்டி நகரின் ரயில் கீழ்ப்பாலத்தில் தேங்கிய மழைநீரில் சிக்க, மணமாகிச் சில நாட்களே ஆன ஒரு பெண் உயிரிழந்தாள். பாறை விழவில்லை, மலைச்சரிவும் இல்லை. வடிய வழியில்லாத நீரே அவளைக் கொன்றது. அடுத்த மாதமே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். ஏரிகளுக்கு வரும் கால்வாய்களும் போகும் கால்வாய்களும் வீட்டு மனைகளாக மாறிவிட்ட ஊரில், சாலை மட்டும் எப்படித் தனியே உலர்ந்திருக்கும்?

சித்தூரில் உள்ளோர்க்கும் ஒரு சொல். அவ்வூரின் நடுவே ஓடும் நீவா நதிதான் வேலூர்ப் பக்கம் பொன்னையாறு எனப் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. சித்தூர்ச் சாக்கடையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை, அடைமழையில் முதலில் நம் தெருவை அடைக்கும். தப்பிச் சென்றால் நாம் பிறந்த ஊர் ஆற்றங்கரையில் ஒதுங்கும்.

ஊரிலிருந்து கேட்கும் அத்தைக்கும் சம்பந்திக்கும் என்ன விடை சொல்வது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி ஆகிய இம்மாதங்களில் புறப்படுமுன் தேவஸ்தானத்தின் அன்றைய அறிவிப்பைக் கேட்கச் சொல்லுங்கள். திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் தாராளமாக விட்டு வரச் சொல்லுங்கள். பெருமழை நாளில் இரவு நேரத்தில் மலையேற வேண்டாம் என்றும், நகரின் கீழ்ப்பாலங்களில் நீர் நின்றால் ஆழம் பார்க்க வண்டியை இறக்க வேண்டாம் என்றும் ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். பாதை அடைத்திருந்தால், அன்றிரவு அவர்களுக்கு நம் வீட்டில் ஒரு பாயும் ஒரு வாய் ரசஞ்சோறும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.