நாளுக்கு 24 நிமிடம்

97.31. 2024-இல் பத்தாம் வகுப்பில் அரியலூர் மாவட்டத்தின் தேர்ச்சி விழுக்காடு இது. மாநிலத்தில் முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் பெரம்பலூர் இருந்தது: 97.67. 2025-இல் பிளஸ் டூவிலும் அரியலூர்தான் முதலிடம்: 98.82. 'பின்தங்கிய மாவட்டங்கள்' என்று எழுதிப் பழகியவர்களைக் கொஞ்சம் திகைக்க வைத்த ஆண்டுகள் இவை. ரிசல்ட் வந்த அன்று அரியலூரை அடுத்த கீழப்பழுவூர் கடைத்தெருவில் டீ குடித்தால் இந்த எண் காதில் விழாமல் இருக்காது. சிமெண்ட் ஆலை லாரி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் தவறாமல்.

அதே பிள்ளைகள் ராத்திரி தூங்குகிறார்களா, சரியாகச் சாப்பிடுகிறார்களா, காரணமில்லாமல் அழுகிறார்களா என்பதற்கு ஊர் வாயில் ஓர் எண்ணும் இல்லை. நாட்டுக்கு ஒன்று இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு. தமிழ்நாடும் அதில் உண்டு. 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல், உதவி தேவைப்படுவோர் 98 லட்சம் என்று அது சொன்னது. பெரியவர்களில் சுமார் 35,000 பேரிடம் பேசிய ஆய்வு அது. பிள்ளைகளில் பேசியது ஏறத்தாழ 1,200 பேரிடம். அந்த 1,200 பேர் மேல்தான் இத்தனை ஆண்டுகளாக நம் திட்டங்களெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வோர் எண் சொல்லும். பெங்களூரில் நகரம், சேரி, கிராமம் மூன்றிலும் 2,064 பிள்ளைகளைப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வில் 12.5 விழுக்காடு. 1999-இல் கோழிக்கோட்டில் 8 முதல் 12 வயது வரையுள்ள 1,403 பேரைப் பார்த்ததில் 9.4. வயது வேறு, கேள்வித்தாள் வேறு, யாரைக் கேட்டார்கள் என்பதும் வேறு. அம்மாவைக் கேட்டால் ஒன்று வரும், பிள்ளையைக் கேட்டால் வேறொன்று வரும். நான் இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது இருப்பதிலேயே சின்ன எண்ணை. தேசிய ஆய்வு இந்த வயதினரில் பெருநகரங்களுக்கு 13.5-உம் கிராமங்களுக்கு 6.9-உம் தந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினோரு பேர்தான் நகரத்தில் இருப்பவர்கள். ஆகவே 6.9. ஊதிச் சொன்னதாக யாரும் குறைபட வேண்டாம்.

கீழப்பழுவூர் அளவுள்ள ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளி, 700 பிள்ளைகள், அதில் 13–17 வயதில் 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். 500-இல் 6.9 விழுக்காடு என்றால் 35 பேர். ஒரு வகுப்பறை நிறையும்.

இனி பணம். மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரு மாவட்டத்துக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்பது விதி. மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர், மருந்து, பயணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அரியலூர் மாவட்ட மக்கள்தொகை, 2011-இல், 7,54,894. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 11 ரூபாய், ஒரு வருஷத்துக்கு. ஊர்ப்பக்கம் ஒரு டீயின் விலை. தேசிய அளவில் பார்த்தால் 2023–24 பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று நேராக ஒதுக்கியது சுமார் 919 கோடி. 140 கோடி பேருக்கு அது ஆறரை ரூபாய். அதிலும் 721 கோடி நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. அதைக் குறை சொல்லவில்லை, 7.3 என்ற எண்ணையே நமக்குத் தந்தது அந்த நிறுவனம்தான். ஆனால் மிச்சத்தை வகுத்தால் தலைக்கு ஒன்றரை ரூபாய்கூடத் தேறவில்லை.

மருத்துவர் எண்ணிக்கையிலும் இதே பற்றாக்குறைதான். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள். மூன்று பேராவது வேண்டும் என்கிறார்கள். சராசரியை அப்படியே பங்கு வைத்தால் அரியலூர் மாவட்டத்துக்கு ஐந்தாறு பேர் வரவேண்டும். சராசரி எப்போதும் சென்னையிலும் கோவையிலும் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது வேறு கதை.

அரசின் கணக்கைவிட வீட்டின் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கீழப்பழுவூரிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் கிடைத்தால் அம்மாவுக்கு டிக்கெட் 0, விடியல் பயணம். மகளுக்கும் 0. ஓ.பி. சீட்டு 0, மாத்திரை 0. ஆனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும்: நூறு நாள் வேலையில் 2025–26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அளவு பார்த்துக் கொடுப்பதால் கைக்கு வருவது குறையும், இருந்தாலும் ஏட்டுக்கு 336. மகளுக்கு ஒரு நாள் வகுப்பு போகும். இவை தவிர, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'பல்லு காட்டப் போறோம்' என்பது வழக்கமான பதில். பேசிச் சரிசெய்யும் வைத்தியம் ஒரு தடவையில் முடியாது. ஐந்து தடவை என்றால் 1,680 ரூபாய், ஐந்து நாள் வகுப்பு, ஐந்து பொய். எல்லாம் இலவசமான ஒரு சேவைக்கு.

போனில் பேசலாமே என்பார்கள். பேசலாம். 14416. 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுக்க டெலி மானஸ் என்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். 104-உம், குழந்தைகளுக்கான 1098-உம் இருக்கின்றன. ஒன்றும் குறையில்லை. ஆனால் யாருடைய போனில் பேசுவது? 2023-இல் 14–18 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 'அசர்' அமைப்பு 28 மாவட்டங்களில் ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாவட்டம் நம் பக்கத்து வீடு, பெரம்பலூர். நாடு தழுவிய முடிவில், பத்தில் ஒன்பது வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 19.8. ஐந்தில் நாலு பெண்பிள்ளைகள் அம்மா போனிலோ அண்ணன் போனிலோதான் பேசியாக வேண்டும். பேசி முடித்ததும் அந்த ஐந்து இலக்கம் கால் லிஸ்ட்டில் உட்கார்ந்திருக்கும். அழிக்கத் தெரிந்த பிள்ளை அழிக்கும். அழித்ததற்கும் ஒரு கேள்வி வரும்.

இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் மனசைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குழுமூர் அனிதாவைத் தாண்டிப் போக முடியாது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 வாங்கிய பிள்ளை. மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் உயிர் போவதற்கு ஒற்றைக் காரணம் எழுதி மூடிவிட முடியாது என்று இத்துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நாம் எண்ணியது என்ன? நீட் தேர்வின் தாக்கம் பற்றி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கருத்துக் கேட்டபோது வந்து குவிந்தவை 86,342. அரியலூருக்கு 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, 150 இடங்களோடு; அங்கே ஓர் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரும் வைத்தாயிற்று. தேர்வை எண்ணினோம், இடத்தை எண்ணினோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஏட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள், கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து, 13,044 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 1,416, நாளுக்கு ஏறக்குறைய நாலு பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். சென்னையில் 1986-இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சிநேகா'வைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வற்புறுத்தியதில், தோற்ற பிள்ளைகள் அதே ஆண்டிலேயே எழுத உடனடித் துணைத்தேர்வு வந்தது. 2024-இல் பத்தாம் வகுப்பு எழுதிய 8,94,264 பேரில் 75,521 பேர் தேறவில்லை. அவர்களுக்கு ஒரு வருஷம் என்பது இரண்டு மாதமாகச் சுருங்கியது. ஒரு மருத்துவரும் கூடுதலாக நியமிக்கப்படாமல், தேர்வு நாள்காட்டியில் செய்த ஒரு மாற்றம். இந்தப் பேரேட்டில் மிகக் குறைந்த செலவில் எழுதிய வரவு அதுதான் என்பேன். 2013-இல் நடமாடும் ஆலோசனை மையம் என்று பள்ளிகளுக்கு 10 வண்டிகள் விட்டதும் நல்ல எண்ணம்தான். அப்போது மாநிலத்தில் 32 மாவட்டங்கள். ஒரு வண்டி, ஓர் உளவியலாளர், மூன்று மாவட்டம். பிள்ளை பேசத் தயாராகும்போது வண்டி வேறு ஊரில் நிற்கும்.

அப்படியானால் ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்து வரும் யோசனை. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் உள்ளூர் ஆள். அவர் டாக்டருமில்லை, உளவியல் பட்டதாரியும் இல்லை. சில பள்ளிகளில் அதே வேலை ஓர் ஆசிரியரிடம். மற்றவற்றில் வழக்கமான பாடம் மட்டும். 2018-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமையும் வன்முறையும் கண்கூடாகக் குறைந்தன. ஆசிரியர் கையில் கொடுத்த பள்ளிகளில், வழக்கமான பாடம் மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. காலையில் மார்க் போட்டவரிடம் மத்தியானம் மனசைத் திறக்கப் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?

டெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், இதே மாதிரி ஆட்கள் ஒரு பிள்ளையோடு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 20, 30 நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். புத்தகம் மட்டும் கொடுத்தவர்களைவிட இவர்களிடம் பேசிய பிள்ளைகள், தங்கள் பிரச்சினை குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த அளவையே நம் பள்ளிக்குக் கொண்டுவருவோம். 35 பிள்ளைகள், ஐந்து தடவை, 30 நிமிடம்: 5,250 நிமிடம். பள்ளி 220 நாள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 நிமிடம். சின்ன எண்ணை எடுத்தேன் என்று சந்தேகப்பட்டால் பெங்களூரின் 12.5 விழுக்காட்டையே போடுங்கள், 43 நிமிடம். ஒரு பீரியட்.

அந்த ஒரு பீரியடுக்கு ஆளை முழுநேரமும் வைத்து மாதம் 15,000 கொடுத்தாலும் வருஷத்துக்கு 1,80,000. 700 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 257 ரூபாய். பள்ளி நாளொன்றுக்கு 1 ரூபாய் 17 காசு. சத்துணவில் போடும் முட்டையின் விலையில் கால் பங்கு இருக்கும். 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகளுக்கு ஒதுக்கியது 33.56 கோடி, அதாவது பிள்ளைக்கு ஏறத்தாழ 2,940 ரூபாய். அதையே தயங்காமல் கொடுத்த மாநிலம் இது. ஆள் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. 'இல்லம் தேடிக் கல்வி'க்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் தெருவுக்குத் தெரு வந்தார்கள். 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 'தகுதியுள்ள' என்ற ஒரு சொல்லில் எத்தனை பள்ளிகள் நழுவும் என்பதுதான் என் கவலை.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் டீச்சரிடம் இந்தக் கணக்கையெல்லாம் காட்டினேன். சிரித்துக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு லீவ் லெட்டர். நோட்டில் கிழித்த காகிதம், சிலவற்றில் அப்பா கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "வயித்து வலி, தலைவலி, மறுபடியும் வயித்து வலி. எழுதுறது பூரா ஒரே ஏழெட்டுப் பேரு சார். ரிவிஷன் டெஸ்ட் வாரத்துல பாருங்க, கட்டு தடிமனாயிடும்" என்றார். "உங்க சர்வேக்கு இதுல ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா?"

உண்டு டீச்சர் என்றேன். பெல் அடித்தது. டிராயரை மூடிவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்.