மலையடிவாரத்துத் தாயும் சேயும்: தொலைதூரக் கிராமங்களில் நோய்த்தடுப்புப் பணி

பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறினால் பொழுது விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில்தான் எங்கள் பெரியம்மாவின் ஊர், கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. பெரியம்மா பெற்றது ஒன்பது, தங்கியது நான்கு. மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்று சிறுவனாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு பேதியில, ஒண்ணு இழுப்புல, ரெண்டு வாய் கட்டிப்போயி, ஒண்ணு பொறந்தப்பவே பஞ்சு மாதிரி" என்று விரல் விட்டு எண்ணினார். அழவில்லை. அந்த ஊரில் அது ஒரு பெரிய செய்தியும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, குழந்தை மருத்துவரான என் நண்பரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "இந்த அஞ்சுல நாலுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம், தெரியுமா?" என்றார். இந்தக் கட்டுரைக்கு விதை அந்த ஒரு வாக்கியம்தான்.

பேதியில் போகும் குழந்தையைக் கொல்வது பேதி அல்ல, உடம்பில் நீர் வற்றிப்போவதுதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். இப்போது அதற்கான பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் பால்வாடியிலேயே கிடைக்கின்றன. ஆனால் நம் ஊர்களில் என்ன வழக்கம்? பேதி என்றால் தண்ணீரை நிறுத்துவது. "ஊத்த ஊத்தத்தானே போவுது" என்பார்கள். கேட்டால் நியாயம் மாதிரியேதான் இருக்கும்!

"இழுப்பு" என்று பெரியம்மா சொன்னது நிமோனியா. இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவையில்லை, மூச்சை எண்ணினால் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையும் அதற்கு மேலும், ஒரு வயதுக்குள் இருப்பது 50-ம் அதற்கு மேலும், ஐந்து வயதுக்குள் இருப்பது 40-ம் அதற்கு மேலும் மூச்சு விட்டால் உடனே மருந்து தொடங்க வேண்டும். மார்பின் கீழ்ப்புறம் உள்ளே குழிந்து இழுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியினர் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணிகள் கோத்த ஒரு சட்டத்தையும் ஒரு நிமிட மணற்கடிகாரத்தையும் சேர்த்து ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீருமுன் குறிப்பிட்ட மணியைத் தாண்டிவிட்டால் அது நிமோனியா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு கிழவி இதை வைத்துச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள். அதே ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து பச்சைக் குழந்தைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் செய்ததில் 39 கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் மரணங்கள் 62 சதவீதம் குறைந்தன என்று 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

வாய் கட்டிப்போவது என்பது பிறந்த குழந்தைக்கு வரும் டெட்டனஸ். அறுத்த அரிவாளும் தொப்புளில் அப்பிய சாணியும் கொண்டுவருவது. தாய்க்குக் கர்ப்பத்தில் போடும் தடுப்பூசி, ஒரு புது பிளேடு, சுத்தமான நூல், இவ்வளவுதான் மருந்து. தாய்சேய் டெட்டனஸை ஒழித்த நாடு என்று 2015-இல் இந்தியா அறிவிக்கப்பட்டது. என் பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளுக்கு அது சில பத்தாண்டுகள் தாமதம்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்திலிருந்து மலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில், சிட்லிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. மலையாளி எனப்படும் பழங்குடியினரும் (கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்) ஓரளவு லம்பாடிகளும் வாழும் இடம். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து மருத்துவமனைக்கு ஏறக்குறைய 50 கி.மீ.; அறுவை சிகிச்சை என்றால் 100 கி.மீ.க்கு மேல். காந்திகிராமத்தில் பணியாற்றிய டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதியினர் 1993-இல் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர், அம்மையார் மகப்பேறு மருத்துவர். ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது.

அவர்கள் வந்தபோது எடுத்த கணக்கில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயது காணாமலே இறந்துகொண்டிருந்தன. அதாவது ஏழு தொட்டிலில் ஒன்று காலி. அந்தச் சமயத்தில் இந்தியச் சராசரி 80-ஐ ஒட்டி இருந்தது. பிற்காலத்தில் அதே பள்ளத்தாக்கில் இந்த எண்ணிக்கை 20-ஐ ஒட்டி இறங்கியது.

குடிசை ஆஸ்பத்திரி பெரிதாகி அறுவை அரங்கு வந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் என் கணிப்பில் பெரிய வேலையைச் செய்தவர்கள் ஊருக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுத்தர வயதுப் பெண்கள். இவர்களில் பலருக்குப் படிப்பு கிடையாது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, மாசமாக இருக்கிறவள் யார், குழந்தைக்கு எடை ஏறுகிறதா, யாருக்கு மூச்சு இரைக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்வதற்கும் அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே பழக்கினார்கள்.

வெளியூர்ப் படித்த நர்சை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. "வயிறு நெறைய தின்னா புள்ள பெருத்துடும், பேறுகாலம் கஷ்டமாயிடும்" என்று மாமியார் மருமகளுக்குச் சோற்றைக் குறைப்பாள். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணியில் சேனை வைப்பார்கள். சுவரில் ஒட்டிய விளம்பரம் இதை மாற்றாது. நாலு பிள்ளை பெற்று வளர்த்த, அதே பாஷை பேசுகிற ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து, "ஏன்க்கா, நான் சீம்பால் குடுத்தேன், எம்புள்ள நல்லாத்தானே இருக்கான்?" என்று கேட்டால்தான் மாறும். நம் படித்த கூட்டம் இதை "அறியாமை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. ரத்தசோகையும் குள்ள உடம்புமாக இருக்கும் பெண்ணுக்கு, அறுவை வசதி 100 கி.மீ. தள்ளி இருக்கும் ஊரில், பெரிய குழந்தையைக் கண்டு பயப்படுவதில் அறிவில்லை என்று எப்படிச் சொல்வது?

கர்நாடகத்திலும் இதற்கு ஒரு சோடி உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. சாமராஜநகர் மாவட்டத்து பிளிகிரி ரங்கன மலைக்கு நம்மில் பலர் கோயிலுக்கும் யானை பார்க்கவும் போய் வருகிறோம். அங்கே வாழும் சோளகர்களின் உறவுகள் எல்லைக்கு இந்தப் புறம் சத்தியமங்கலம் காடுகளிலும் இருக்கிறார்கள். பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எச். சுதர்சன் 1981-இல் அங்கே விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். அவர் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தந்தை மருத்துவ உதவி கிடைக்காமல் இறந்தாராம். அது நடந்தது காட்டில் அல்ல, பெங்களூரை ஒட்டிய யெமலூரில்! இன்று அந்த ஏரியாவில் அடுக்குமாடி விலையைக் கேட்டால் நமக்குத்தான் மருத்துவ உதவி தேவைப்படும்.

1986-இல் அவர் நிறுவிய கருணா டிரஸ்ட் மலைக்குக் கீழே யெளந்தூர் தாலுக்காவில் தொழுநோயை எடுத்துக்கொண்டது. அங்கே ஆயிரம் பேருக்கு 21 பேர் வரை தொழுநோயாளிகள். இரண்டாயிரத்தின் முற்பகுதிக்குள் அது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. கூட்டு மருந்து சிகிச்சை வந்துவிட்டது உண்மை. ஆனால் மருந்து தானாக நடந்து போய் நோயாளியைத் தேடாது. வீடு வீடாகப் போய் உணர்ச்சியற்ற தேமலைப் பார்த்தவர்கள் தேடிப்பிடித்தார்கள். 1996-இல் கும்பள்ளி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்தும் பொறுப்பும் இந்த டிரஸ்டிடம் கொடுக்கப்பட்டது. நல்ல கையில் கொடுத்ததால் நன்றாக நடந்தது. எல்லா இடத்திலும் இப்படிக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. எத்தனை மலைக்கு எத்தனை சுதர்சன் கிடைப்பார்?

அரசின் கணக்கு என்ன? சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம்; சமவெளியில் 30,000, மலையில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தலை எண்ணிப் போட்ட கணக்கு. மலையில் தலையை எண்ணினால் போதாது, நடக்கும் நேரத்தையும் எண்ண வேண்டும். மூவாயிரம் பேர் இருபது குன்றில் சிதறிக் கிடந்தால் அந்த ஒரு நர்சம்மா என்ன செய்வார்? வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைச் சுமந்தே மலையேறினாள். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் கழுதை முதுகில் ஓட்டு இயந்திரம் ஏறும். ஓட்டு ஏறத் தெரிந்த பாதையில் மருந்து ஏன் ஏறவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

நோய்களும் மாறிக்கொண்டு வருகின்றன. தினையும் சாமையும் தின்ற மலைக்கு ரேஷன் அரிசி வந்தது, திருப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்களோடு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தன. சிட்லிங்கிக்காரர்கள் 2000-களில் இயற்கை விவசாயிகள் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் அந்தச் சங்கத்துச் சிறுதானியத்தைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சர்க்கரை, கொதிப்பு இரண்டும் வலிக்காத நோய்கள். அதனால் மலைக்காரர் மட்டுமல்ல, நாமும் வைத்தியரிடம் போக மாட்டோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். தொடங்கிய இடம் சென்னை அல்ல, ஓசூரைத் தாண்டியதும் வரும் சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளி கிராமம். பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சோதித்து மாத்திரையும் கொடுப்பார்கள். 2024-இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. சிட்லிங்கியும் கட்சிரோலியும் காட்டிய பாதையை ஓர் அரசு தன் அளவில் விரித்துப் போட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா இப்போது இல்லை. தங்கிய நால்வரில் மூத்தவரான அண்ணனும் அண்ணியும்தான் அந்த வீட்டில். திண்ணையில் உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். அண்ணியின் கையில் பட்டையைச் சுற்றினார். 170 காட்டியது.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா, பெரியம்மா?"

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே கண்ணு. நல்லாத்தானே நடக்கிறேன்."

அந்தப் பெண் வாதாடவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தார், பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தார், விழுங்கும் வரை நின்றார். நோட்டில் குறித்துக்கொண்டு, "வர்ற செவ்வாக்கெழமை திரும்ப வர்றேன், பட்டையை எண்ணிப் பார்ப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெங்களூரு சித்தப்பாதானே நீங்க? கையை நீட்டுங்க, உங்களுக்கும் பார்த்துடலாம்."

எனக்கு 150.