மாண்டவர் பேசும் பேச்சு

கணினியில் கோஷ்டி சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுக்களில் இந்தக் காலத்து வாலிபர்கள் இரவு பகலாக மூழ்கிக் கிடப்பதைப் பார்த்துப் பெற்றோர்கள் சலித்துக்கொள்வது சகஜம். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பேச்சைச் சற்றே செவிகொடுத்துக் கேட்கிறவர்களுக்கு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஐந்து பேர் ஒன்றாய் நின்று ஒரு காரியத்தைச் சில விநாடிகளுக்குள் சாதிப்பதற்கு எந்த வார்த்தை வேண்டும், எந்த வார்த்தை வேண்டாம் என்கிற ஆராய்ச்சி அங்கே ஓயாமல் நடந்துகொண்டிருப்பது தெரியவரும்.

உதாரணத்துக்கு வாலரண்ட் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலுள்ள ரயட் கேம்ஸ் கம்பெனியார் 2020 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு கட்சியார் ‘ஸ்பைக்’ என்னும் வெடிகுண்டைக் குறித்த இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும். எதிர்க்கட்சியார் அதைத் தடுக்கவேண்டும், தடுக்க முடியாமற் போனால் 45 விநாடிக்குள் குண்டைச் செயலிழக்கச் செய்யவேண்டும். செயலிழக்கச் செய்வதற்கே 7 விநாடி பிடிக்கும். குண்டு வைக்கப்படாத சுற்று 100 விநாடியில் முடிந்துவிடும். சுடப்பட்டு விழுந்தவர் சாதாரணமாக அந்தச் சுற்று முடியும்வரை எழுந்திருக்க முடியாது. ஆயினும் அவருடைய வாய்க்கு மட்டும் தடை கிடையாது. உயிரோடிருக்கும் தோழர்களின் கண் வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர்களோடு அவர் தாராளமாகப் பேசலாம். இந்தச் சலுகையிலேதான் நன்மையும் இருக்கிறது, வினையும் இருக்கிறது.

ஒரு கோஷ்டி தேறுமா தேறாதா என்று அறிய விரும்புகிறவர், மாண்டவன் வாயிலிருந்து புறப்படும் முதல் வாக்கியத்தைக் கவனித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால், அந்தக் க்ஷணத்தில் கோஷ்டி முழுவதிலும் அதிக விஷயம் தெரிந்தவன் அவனே: எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேர் வந்தார்கள், அவனுடைய குண்டுகள் எதிரியை எவ்வளவு காயப்படுத்தின என்பதையெல்லாம் அவன் சற்றுமுன் நேரில் கண்டிருக்கிறான், காயக்கணக்கை ஆட்டமே அவனுக்கு எண்ணாக எழுதிக் காட்டிவிடுகிறது. அதே சமயத்தில், கோஷ்டியில் அதிக ஆத்திரம் கொண்டிருப்பவனும் அவனேயாவான். ஆகவே செய்தியும் புகாரும் ஒரே வாயிலில் முண்டியடிக்கின்றன. “ஹெவன்ல ஒருத்தன், ஜெட், 84” என்கிறான் ஒருவன். “ஏன்டா என்னைத் தனியா விட்டுட்டுப் போனே? கவர் குடுக்கத் தெரியாதா?” என்கிறான் இன்னொருவன். முன்னது முடிய இரண்டு விநாடி ஆகிறது. பின்னது முடிவதற்குள், எதிர்க்கட்சிப் பாத்திரமான அந்த ஜெட் வேறிடத்துக்குப் போய்விடுகிறாள்.

முதல் வாக்கியத்தின் அமைப்பைச் சற்று ஆராய்வோம். இடத்தின் பெயர் முதலில் வருகிறது. ‘ஹெவன்’ என்பது உயரமான ஒரு மேடைக்கு ஆடுகிறவர்கள் வழங்கும் பெயர். அதைக் கேட்டவுடனே, மிச்ச வாக்கியம் வந்து சேருவதற்கு முன்பே, தோழன் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். அடுத்தது தொகை, அதற்கடுத்தது ஆள் யார் என்பது, கடைசியில் காயம். ஆட்டக்காரரின் உயிர்ப்பலம் 100, கவசம் அணிந்தால் அதிகபட்சம் இன்னும் ஒரு 50. அதில் 84 போய்விட்டதென்றால், எதிர்த்துப் போகலாமா, பதுங்கியிருக்கலாமா என்பதைக் கேட்டவன் தானே முடிவு செய்துகொள்வான். இதற்கு மாறாக, “டேய், பின்னாடி, பின்னாடி!” என்று கூவுகிறவர்கள் ஏராளம். யாருக்குப் பின்னால்? ஐந்து பேரும் ஐந்து திசையில் முகம் வைத்திருக்கையில், முன் பின் என்பதற்கும் இடது வலது என்பதற்கும் பொதுவான அர்த்தம் ஏது? பப்ஜி ஆடும் நம் ஊர்ப் பிள்ளைகள், திரையின் மேற்புறத்தில் ஓடும் திசைமானியின் எண்ணைப் பார்த்து, “மச்சான், 240ல எனிமி” என்று பாகை சொல்லிக் காட்டுவது இந்தக் குழப்பத்துக்கு வெகு நேர்த்தியான பரிகாரம்.

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்றால் பிறகு மௌனமாயிருக்கவேண்டும். இதுதான் பெரும்பாலோருக்குக் கைவராத வித்தை. வாலரண்டில் எதிரி ஓடிவந்தால் காலடிச் சத்தம் கேட்கும். மெதுவாக நடந்தால் கேட்காது. குண்டைச் செயலிழக்கச் செய்யத் தொடங்கினால் அதற்கென்று தனி ஓசை உண்டு. நால்வர் விழுந்து ஒருவன் மட்டும் மிஞ்சி, எதிரிகள் இரண்டு பேர் எங்கோ பதுங்கியிருக்கும் கட்டத்தில், அவனுக்கு இருக்கும் ஒரே துணை காதுதான். அந்தக் காதில், மாண்ட நால்வரும், “இடது பக்கம் போ”, “ஸ்பைக்கைத் தொடு”, “டைம் இல்ல ப்ரோ” என்று ஆளுக்கொரு யோசனையைக் கொட்டினால், எந்தச் சூரனுக்கும் காலடி கேட்காது. (கிரிக்கெட் பார்க்கும்போது தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து உபதேசம் செய்த பரம்பரையில் வந்தவர்கள்தாமே நாம்!) அமெரிக்க விமானத்துறையார் 1981இல் ஒரு விதி செய்தார்கள்: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானத்தைச் செலுத்துவதற்குச் சம்பந்தமில்லாத பேச்சு விமானிகளிடையே கூடாது என்று. நல்ல கோஷ்டிகள் இதையே எழுதாத சட்டமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. கடைசி ஆள் வாய் திறந்து கேட்டாலொழிய மற்றவர்கள் மூச்சு விடுவதில்லை.

பேசவே முடியாதவர்கள், பேச விரும்பாதவர்கள் சங்கதி வேறு. பெண்குரல் என்று தெரிந்தவுடனே பரிகாசமும் ஆபாசமும் கிளம்புவதால், மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள் அநேகர். அது அவர்களுடைய குற்றமல்ல. பாஷை தெரியாத குறையும் உண்டு. மும்பையிலுள்ள சர்வரில் தில்லிக்காரரும் கொல்கத்தாக்காரரும் கொச்சிக்காரரும் நம்மவரும் ஒரே கோஷ்டியில் வந்து விழுகிறார்கள். டோட்டா 2 என்னும் ஆட்டத்தில், முன்பே எழுதிவைத்த சொற்றொடர்களை ஒரு சக்கரத்திலிருந்து பொறுக்கி அனுப்பினால், பெறுகிறவருக்கு அது அவரவர் பாஷையிலேயே தோன்றும். 2019 பிப்ரவரியில் வெளியான ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மும்மூன்று பேராக ஆடும் அந்த ஆட்டத்தில், ஒரு பொத்தானை அழுத்தி எதைச் சுட்டினாலும், அது எதிரியா, ஆயுதமா, போகவேண்டிய இடமா என்பதை ஆட்டமே உணர்ந்து, பாத்திரத்தின் குரலிலேயே தோழர்களுக்குச் சொல்லிவிடும். அவர்களும் ஒரு பொத்தானாலேயே சம்மதம் தெரிவிக்கலாம். ‘பிங்’ என்று வழங்கும் இந்த ஏற்பாட்டின் காப்புரிமையை, உடல் ஊனமுற்றோருக்கும் பயன்படட்டும் என்று, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் 2021இல் மற்றவர்களும் உபயோகித்துக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். பிங் யாரையும் வையாது என்பது அதன் விசேஷ குணம். ஆனால் ஒரே இடத்தை இருபது தடவை சுட்டிச் சுட்டி, வையாமலே வைகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.

வசைமொழிக்குக் கம்பெனிகள் செய்துபார்க்காத வைத்தியம் இல்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் எதிர்க்கட்சியோடு எழுத்தில் பேசும் வசதியை 2021 அக்டோபரில் நிறுத்திப் பார்த்தார்கள். சொந்தக் கட்சியின் பேச்சை நிறுத்தவில்லை, அதை நிறுத்தினால் ஆட்டமே நடவாது. வாலரண்டில் புகார்களை விசாரிக்கும் முறையொன்றை ஏற்படுத்துவதற்காகக் குரற்பேச்சைப் பதிவு செய்யும் பரீட்சையை 2022 ஜூலையில் வட அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். வாஸ்தவத்தில், கெட்ட வார்த்தை கலவாத கண்டனமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கெடுதி செய்கிறது. ஏச்சுக் கேட்டவன் அடுத்த சுற்றில் ரோஷத்தினால் கண்மண் தெரியாமல் பாய்கிறான், அல்லது மனம் உடைந்து ஒதுங்கி நிற்கிறான். ‘டில்ட் ஆயிட்டான்’ என்று மற்றவர்கள் கைகழுவி விடுகிறார்கள்.

தவறைச் சுட்டவே கூடாதா என்றால், அதற்கும் நேரம் இருக்கிறது. வாலரண்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆயுதம் வாங்குவதற்கென்று சாதாரணமாக 30 விநாடி தருகிறார்கள். அப்போது, “நீ ஹெவனைப் பார்க்கலே” என்பதை, “இந்த ரவுண்டு நீ ஹெவனைப் பாரு, நான் மெயினைப் பிடிக்கிறேன், ஸ்மோக் போட்டதும் சேர்ந்து போலாம்” என்று மாற்றிச் சொல்லலாம்; விஷயம் ஒன்றே, ஆனால் இரண்டாவதில் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. கையில் காசில்லாத தோழனுக்கு 2,900 கொடுத்து ஒரு வாண்டல் துப்பாக்கி வாங்கிப் போடுவது, எத்தனையோ சமாதான வார்த்தைகளைவிடச் சீக்கிரமாக வேலை செய்கிறது என்பதையும் கண்டிருக்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இடங்களின் பெயர் தெரியாததுதான் முதல் சங்கடம். தெரியாதென்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, “அங்கே, அங்கே” என்று தடுமாறுவார்கள். திரையின் மூலையிலுள்ள சிறிய வரைபடத்தின் கீழே, நாம் நிற்கும் இடத்தின் பெயரை வாலரண்ட் எப்போதும் எழுதிக் காட்டிக்கொண்டேயிருக்கிறது. எதிரிகள் யாருமில்லாத தனி அறையொன்றைத் திறந்துகொண்டு, மூலை முடுக்கெல்லாம் நடந்து, அந்தந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், ஓர் ஆட்டக்களம் ஒரே மாலையில் பாடமாகிவிடும்.