தேசபக்தி அஞ்சலட்டைகள்: படமும் பின்பக்கமும்

பழைய தேசபக்தி அஞ்சலட்டைகளைச் சேகரிப்போர் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அட்டையின் வயதைச் சொல்வதோ பின்பக்கம். இந்தியாவில் கால் அணா கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது; படக் கார்டுகள் பரவியது அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். நடுவில் கோடு போட்டு இரண்டுக்கும் இடம் ஒதுக்கும் வழக்கத்தை 1902இல் பிரிட்டன் தொடங்கியது. மற்ற நாடுகளும் சில ஆண்டுகளில் பின்பற்றின.

முதல் உலகப்போர்தான் இவ்வகை அட்டைகளின் பொற்காலம். சென்னைக்கு அதில் தனிப் பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் எரியும் காட்சி அஞ்சலட்டையாக விற்றது. ஜெர்மனியிலோ அதே கப்பலையும் அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லரையும் வீரச் சின்னங்களாக அச்சிட்டார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியதும், தரைதட்டிக் கிடந்த அதன் உடலும் அட்டைப்படமானது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே கப்பல் மூன்று கதை சொல்லும். தனித்தனியாக விற்றுத் தொகுதியைக் கலைப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

சுதேசி இயக்கத்தோடு தலைவர்களின் படங்களும் பாரதமாதாவும் அச்சேறின. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தைக் காட்டி அரசு இத்தகைய பல படங்களைப் பறிமுதல் செய்தது. உறையில்லாத கார்டைத் தபால்காரர் முதல் திண்ணையில் இருப்பவர் வரை யாரும் பார்க்கலாம் என்பதே அதன் பலம், ஆபத்தும்கூட. 1947 ஆகஸ்ட் 15 அன்று 'ஜெய்ஹிந்த்' முத்திரை விழுந்த அட்டை, படமே இல்லாவிட்டாலும், இந்த வரிசையில் சேரும்.

காலம் கணிக்கச் சில தடயங்கள் போதும். அஞ்சல்தலையில் அணா என்றிருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. முகவரியோடு பின்கோடும் எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. திருநின்றவூர் முகவரியில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்றிருந்தால், திருவள்ளூர் தனி மாவட்டமாவதற்கு முந்தைய கடிதம் என்று கொள்ளலாம். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு. பழைய காலோடைப் அச்சில் மணல் தூவியது போன்ற ஒழுங்கற்ற துகள்களே தெரியும். புகைப்படத்தாளிலேயே எடுத்த அட்டையில் புள்ளி இராது. ஓரங்களில் வெள்ளி பூத்திருக்கும்.

வீடு இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் கடிதக்கட்டு நேரே பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. தப்பிப் பிழைத்ததிலும் அஞ்சல்தலையை நறுக்கி எடுத்துவிடுகிறார்கள். முத்திரையும் தேதியும் அதோடு போய்விடும். லேமினேஷன் அதைவிடக் கொடியது. பிரிக்க வழியே இல்லை. பிவிசி உறையும் செல்லோடேப்பும் சென்னைப் பக்கத்து ஈரக்காற்றில் அட்டையைக் கறைப்படுத்தும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, சுவரோடு ஒட்டாத அலமாரியில் வைக்கலாம். விவரம் குறிப்பதானால் உறைமேல் குறிக்க வேண்டும், அட்டைமேல் அல்ல.