சொல்லச் சொல்லித் துன்புறுத்தாதீர்கள்

2023 அக்டோபர் 7. ஓசூரை அடுத்து, எல்லையைத் தாண்டியதும் வரும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. முதலில் 14 என்று சொல்லப்பட்ட உயிரிழப்பு பிறகு கூடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி சீசன் வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். தர்மபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்ற ஒரே கிராமம் பல பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் முன்பு, ஜூலை 29-ல், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்திருந்தது.

இப்படியொரு விபத்தில் தப்பி வந்தவன் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "எப்படிப்பா ஆச்சு? நீ எந்தப் பக்கமா ஓடி வந்த?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். போலீஸ் கேட்கும், டிவிக்காரர்கள் கேட்பார்கள். கடைசியில் இறந்தவனின் அம்மா வந்து, "எம்புள்ள உன்கூடத்தானே இருந்தான்?" என்பார். அதற்கு அவன் என்ன பதில் சொல்ல?

"மனசுவிட்டுப் பேசிட்டா பாரம் குறையும்" என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். தீயணைப்பு வீரர்கள் போன்றோரை, சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவாக உட்காரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் சொல்லவைக்கும் முறை. 'டீப்ரீஃபிங்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது.

சோதித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 1997-ல் பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், 13 மாதம் கழித்துப் பார்த்தார்கள். பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி நோய் (PTSD) இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். முதல் பிரிவினருக்குக் காயம் சற்று அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு, ஒரே அமர்வு டீப்ரீஃபிங் நோயைத் தடுப்பதாக ஆதாரமில்லை என்றே முடிவு சொன்னது.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 'உளவியல் முதலுதவி'. சோறு, தண்ணீர், படுக்க இடம், வீட்டுக்கு ஒரு போன். தப்பி வந்தவன் தானாகப் பேசினால் கேட்பது, பேசாவிட்டால் விட்டுவிடுவது. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தை நினைத்தாலே நடுக்கம் என்று நீடித்தால்தான் முறையான சிகிச்சை வேண்டும்.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளின் பாதுகாப்பு அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்துக்கு மறுநாள் மொத்த ஷிப்ட்டையும் கூட்டி "எல்லாரும் பேசுங்க" என்பது உதவியல்ல. சம்பளத்தோடு லீவும், ஒரு மாதம் கழித்து ஒரு விசாரிப்பும் அதைவிட மேல். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அரசின் தொலைபேசி மனநல உதவியான 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். கேன்டீன் சுவரில் எழுதி வையுங்கள்.