ஊர்ப்பெயரும் நினைவகப் பிழையும்: கோப்புத் தரவை அணியில் ஏற்றுதல்

முன்னுரை

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் மழையளவு இன்றியமையாத ஆய்வுத் தரவாகும். அத்தகைய தரவைத் தமிழ் ஊர்ப்பெயர்களோடு கோப்பிலிருந்து சி மொழி நிரலின் அணிக்குள் ஏற்றும்போது தோன்றும் நினைவகப் பிழையையும் அதனைக் களையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் பைட்டும்

'கம்பம்' நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் புள்ளி தனிக்குறி ஆதலால் அது ஆறு குறிகளாகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும், ஆக 18. சரத்தின் முடிவைக் காட்டும் சுழியப் பைட்டையும் சேர்த்தால் 19. பழைய திஸ்கி குறியாக்கத்தில் இச்சொல் 4 பைட்டுகளில் அடங்கியது. எனவே, அக்காலத்தில் செம்மையாக இயங்கிய நிரலும், கோப்பை ஒருங்குறிக்கு மாற்றியபின் பிழைபடக்கூடும்.

பிழையின் இயல்பு

ஓர் அமைப்பில் பெயருக்கு 16 பைட்டு அணியும், அதனை அடுத்து மழையளவுக்கு 4 பைட்டு முழுவெண்ணும் இருப்பதாகக் கொள்வோம். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் மழையளவு முதலிலும் பெயர் பின்னரும் அமைந்துள்ளன. '25 கம்பம்' என்னும் வரியைப் படிக்கையில் 25 முதலில் பதிவாகிறது. பின்னர் வரும் பெயரின் கடைசி மூன்று பைட்டுகளாகிய 175, 141, 0 ஆகியன அணியைக் கடந்து அவ்வெண்ணின்மேல் படிகின்றன. கீழ்நிலைப் பைட்டை முதலில் வைக்கும் கணினிகளில் 25 என்பது 36271 ஆகிவிடும் (175 + 141 × 256). நிரல் நின்றுவிடாது, தரவு மட்டும் திரியும். 'தேனி' 13 பைட்டுகளில் அடங்குவதால், அப்பெயரைக் கொண்டு மட்டும் சோதிப்பவருக்கு இப்பிழை புலப்படாது.

வால்கிரைண்ட், அட்ரஸ்சானிடைசர் போன்ற கருவிகளும் ஓர் அமைப்பின் உள்ளேயே நிகழும் இவ்வகை வழிதலைப் பொதுவாகக் கண்டறிவதில்லை.

அரைகுறைத் திருத்தம்

படிக்கும் அளவை 15 பைட்டு என வரையறுத்தால் வழிதல் நிற்கும். ஆனால் பெயர் 'கம்பம' எனக் குறைபடும். எஞ்சிய புள்ளி அடுத்த வாசிப்பின் தொடக்கத்தில் நிற்பதால் அங்கு எண்ணைப் படிக்க இயலாது. வாசிப்பின் பயனைச் சோதியாமல் சுட்டெண்ணை மட்டும் கூட்டிச் செல்லும் மடக்கு, இறுதியில் அணியின் எல்லையையே கடந்துவிடும்.

களையும் முறை

முதலாவதாக, அணியின் அளவை எழுத்துகளால் கணிக்காமல் பைட்டுகளால் கணித்தல் வேண்டும். தேனி மாவட்ட வட்டப்பெயர்களுள் நீண்டதாகிய 'போடிநாயக்கனூர்' 42 பைட்டு. அதன் ஓகாரக் குறியை இரு குறிகளாகப் பிரித்து எழுதிய கோப்பில் 45. முன்கூட்டி அளவிட இயலாதவிடத்து, வரி முழுவதையும் தேவைக்கேற்ப வளரும் இடத்தில் படித்துப் பின் பிரிப்பது தக்கது. இரண்டாவதாக, ஒவ்வொரு வாசிப்பிலும் இரு புலங்களும் கிடைத்தனவா என்பதையும் சுட்டெண் எல்லைக்குள் உள்ளதா என்பதையும் சோதித்தல் வேண்டும். மூன்றாவதாக, ஏற்றிய தரவை மீண்டும் கோப்பாக எழுதி மூலத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். கருவிகள் தவறவிட்ட திரிபை இவ்வொப்பீடு வெளிப்படுத்தும்.

முடிவுரை

நிரல் தடையின்றி முடிந்தது என்பது தரவு செம்மையாக ஏறியது என்பதற்குச் சான்றாகாது. தமிழ்த் தரவைக் கையாளும் ஆய்வாளர் கணக்கீட்டைத் தொடங்குமுன் இவ்வொப்பீட்டை ஆய்வுமுறையின் ஒரு படியாகவே கொள்ளுதல் வேண்டும்.