பழைய காரில் குளிர் காற்று

1939ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் குளிரூட்டும் பொறி பூட்டிய காரொன்றைக் காட்சிக்கு வைத்தது. அப்பொறி காரின் பின்பெட்டியிற் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டது. அதனினும் விந்தை வேறொன்றுண்டு. இயந்திரம் ஓடுங்காலமெல்லாம் குளிரூட்டியின் அமுக்கியும் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனை நிறுத்த விரும்புபவர் வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தின் மூடியைத் திறந்து, பட்டியைக் கையாற் கழற்ற வேண்டும். கார்க் குளிரூட்டியின் வரலாறு இவ்வாறு தன் கையால் வேலை செய்பவரோடுதான் தொடங்கியது எனலாம்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். ஆயினும் பழைய கார்களை வைத்திருப்போர்க்கு அந்தப் பட்டியும் குழாய்களும் இன்னும் அந்நியமாகிவிடவில்லை. சிறப்பாக, வேகமும் துடிப்பும் கருதி 1970களிலும் 1980களிலும் ஆக்கப்பட்ட கார்களைப் போற்றி வைத்திருக்கும் இளைஞர் சிலர், ஓய்வு நாள்களில் தாமே ஸ்பனர் பிடித்துப் பழுது பார்ப்பதைக் காண்கிறேன். அவர்களுக்குப் பெருஞ் சோதனையாக அமைவது குளிரூட்டியே. ஏனைய பழுதுகள் கண்ணுக்குத் தெரிவன. அல்லது காதுக்குக் கேட்பன. குளிரூட்டியின் பழுதோ கண்காணாத ஒரு வாயுவைப் பற்றியது. அதனை ஊகத்தினால் திருத்த இயலாது. விளங்கிக்கொண்டே திருத்த வேண்டும்.

ஒரு காரும் ஒரு கதையும்

எடுத்துக்காட்டாக ஒரு காரைச் சொல்கிறேன். ரொயோட்டா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் கொரோலா லெவின், ஸ்பிரின்டர் ட்ருவெனோ என்னும் இரட்டையரை வெளியிட்டது. ஏஈ-86 என்பது அவற்றின் குறியீட்டுப் பெயர். 1.6 லீற்றர் இயந்திரம், நான்கு சிலிண்டர்கள், பதினாறு வால்வுகள், பின்சில்லுகளை உந்தும் அமைப்பு என்பன அதன் இலட்சணங்கள். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஷூயிச்சி ஷிகெனோ என்ற யப்பானியர் 1995ஆம் ஆண்டு தொடக்கம் 2013 வரை 'இனிஷியல் டி' என்னும் சித்திரத் தொடர்கதையை எழுதினார். தோஃபு எனப்படும் சோயாக்கட்டி விற்பவர் ஒருவரின் மகன், கிண்ணத்து நீர் தளும்பாதபடி மலைப்பாதையில் ட்ருவெனோவை ஓட்டிப் பழகியவன், அதன் நாயகன். மலிவாகக் கிடைத்த ஒரு பழைய காரை உலகெங்குமுள்ள இளைஞர் தேடி வாங்கும் பொருளாக்கியது அக்கதை. கதைக்கு அத்தகைய வலிமை உண்டு.

ஆனால், இத்தகைய கார்களுக்கும் குளிரூட்டிக்கும் இயல்பாகவே ஒரு பகை உண்டு. அமுக்கி இயந்திரத்தின் வலுவில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் ஒடுக்கி றேடியேற்றருக்கு முன்னே நின்று அதற்குரிய காற்றையும் சூடாக்குகிறது. பாரமும் கூடுகிறது. ஆகவே ஓட்டப் பிரியர் பலர் குளிரூட்டியைக் கழற்றி மூலையிற் போட்டனர். கழற்றாதவர்களின் கார்களிலோ அது காலத்தால் மெலிந்து செயலற்றுப் போயிற்று. கொழும்பின் ஏப்ரல் வெயிலில் நின்று நகரும் வாகன வரிசையில் அகப்பட்ட பின்னரே அதன் அருமை தெரிகிறது.

பழுது பார்த்து வாழ்ந்தோர்

தாமே பழுது பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்களைச் சிறிதளவு பெற்றோலால் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். இதற்கு ஒரு பௌதிகக் காரணமுண்டு. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. உரிய கணத்துக்கு முன்னரே தீப்பற்றி இயந்திரத்தைத் தட்டும். ஒஸ்ரினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 ஆதலால் அது பிழைத்தது. 9க்கு மேற்பட்ட விகிதமுடைய லெவின் போன்ற காரென்றால் திணறியிருக்கும். அன்று வழி கண்ட மெக்கானிக்குகள் பலர் இக்கணக்கை ஏட்டிற் படித்தவரல்லர். இயந்திரத்தின் ஒலியிலிருந்து கற்றவர்கள். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள காரைக் காப்பதே எல்லோர்க்கும் கடனாயிற்று.

குளிர் ஒரு பொருளன்று

நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், குளிரூட்டியைத் தொடுமுன் ஒவ்வொருவரும் மனத்திற் பதிக்க வேண்டியதென நான் கருதுவது ஒன்றுண்டு. குளிர் என்பது ஒரு பொருளன்று. அதனை ஆக்கவும் முடியாது; காரினுள் ஊற்றவும் முடியாது. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்திற் சேர்க்கலாம், அவ்வளவே.

உள்ளங்கையில் ஸ்பிரிட் பட்டாற் குளிர்வதை மாணவர் அறிவர். திரவம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய மறைவெப்பத்தைக் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காரிலும் இதுவே நிகழ்கிறது. ஆர்-134ஏ என்னும் குளிரூட்டும் பொருள் சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அது ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பலகையின் உள்ளே, ஆவியாக்கியிற் கொதித்து, காரினுள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆவியை அமுக்கி இறுக்குகிறது. அதனால் அது வெளிக்காற்றிலும் சூடாகிறது. பின், முன்புறத்து ஒடுக்கியில் அந்த வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. உலர்த்தி ஈரத்தை நீக்க, ஒரு சிறு வால்வின் துவாரத்தால் பீறிட்டு மீண்டும் ஆவியாக்கியை அடைகிறது. சுற்று முடிகிறது, அடுத்த சுற்றுத் தொடங்குகிறது.

இச்சுற்று மூடிய சுற்று. பெற்றோல் எரிந்து தீர்வது போல இவ்வாயு தீர்ந்து போவதில்லை. குறைந்ததென்றால் கசிந்தது என்பதே பொருள்.

தேடிக் கண்ட கசிவு

என்னிடம் பயின்ற ஒருவர் 1985ஆம் ஆண்டு லெவின் ஒன்றை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு சந்தித்தபோது மனம் சலித்துச் சொன்னார்:

“சேர், ஒவ்வொரு முறையும் காஸ் அடிக்கிறன். மூண்டு மாதத்தில குளிர் போயிடுது. இப்ப கொம்பிரசரையே மாத்தச் சொல்லுறாங்கள்.”

“அடிச்ச காஸ் எங்கை போகுது எண்டு பாத்தீரோ, தம்பி?” என்று கேட்டேன்.

அவர் பார்க்கவில்லை, வேலை செய்த கராஜ்காரரும் பார்க்கவில்லை. நிறுத்தி வைத்த காரில் அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் காட்டியதைக் கண்டு, வாயு நிறைய இருக்கிறது, ஆகவே அமுக்கியே பழுது என்று முடிவு செய்திருந்தனர். இங்கேதான் பௌதிகம் துணைக்கு வருகிறது. மூடிய கலத்தில் ஒரு பொருள் திரவமாகவும் ஆவியாகவும் சேர்ந்திருக்கும்போது, அதன் அமுக்கம் வெப்பநிலையை மாத்திரமே பொறுத்தது. 30 பாகையில் ஆர்-134ஏ அந்த 97 இறாத்தலையே காட்டும். உள்ளே முழு அளவு இருப்பினும் சரி, பாதி இருப்பினும் சரி, சிறிது திரவம் எஞ்சியிருக்கும் வரை முள் அசையாது. எவ்வளவு இருக்கிறதென்பதைத் தராசே சொல்லும்.

மறுவாரம் காரைப் பார்க்கச் சென்றேன். வாயுவோடு மசகெண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் கசிந்து தூசி படியும். ஒடுக்கியின் குழாய் மூட்டொன்றில் அவ்வாறான கரிய படையைக் கண்டோம். எஞ்சிய வாயுவை வேறொரு கராஜில் முறைப்படி கலனுக்குள் மீட்டெடுத்தபின், நைதரசனை நிரப்பிச் சவர்க்கார நுரை தடவினர். நுரை மெல்லக் குமிழியிட்டது. உள்ளே இருந்த இரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தது. அமுக்கிக்குக் குறையொன்றுமில்லை.

இரண்டு வாயுக்களின் கதை

அந்த வளையம் காரோடு பிறந்தது. கார் பிறந்தபோது அதில் ஓடியது ஆர்-12 என்னும் பிறிதொரு பொருள். அதன் கதையைச் சொல்லாமற் செல்ல முடியாது. 1928ஆம் ஆண்டளவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரும் அவர்தம் குழுவினரும் அதனை உருவாக்கினர். எரியாதது, நஞ்சற்றது என்பதைக் காட்ட, 1930ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் மிட்ஜ்லி அதனை மூச்சில் இழுத்து, மெழுகுதிரி ஒன்றை ஊதி அணைத்தார். அதே மிட்ஜ்லிதான் பெற்றோலில் ஈயத்தைக் கலக்கும் முறையையும் கண்டவர். 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் உண்மையை வெளியிட்டனர். தரையில் எதனோடும் சேராத அப்பொருள், அக்காரணத்தாலேயே அழியாது மேலேறி, ஊதாக் கடந்த கதிர்களாற் சிதைந்து, குளோரினை வெளிவிட்டு ஓசோன் படையை அரிக்கிறது. 1985ஆம் ஆண்டில் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருந்தமை வெளியாயிற்று. 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. 1989ஆம் ஆண்டில் இலங்கையும் அதிற் சேர்ந்தது.

அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால், அதன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்கு நிகராகப் புவியைச் சூடாக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை அடிக்கப்படும் காஸ் இவ்வாறு எல்லோருடைய வானத்திலும் கணக்கெழுதுகிறது.

மாற்றும் முறை

நண்பரின் காரில் முன்னைய உரிமையாளர் வாயுவை மாத்திரம் மாற்றிவிட்டு, ஏனையவற்றை அப்படியே விட்டிருந்தார். அது ஆகாது. ஆர்-12 உடன் ஓடிய கனிய எண்ணெய் புதிய வாயுவோடு கலந்து சுற்றாது. எண்ணெய் திரும்பி வராவிடில் அமுக்கி தேய்ந்து சாகும். ஆகவே பழைய எண்ணெயை வடித்து, ஏற்ற செயற்கை எண்ணெயை இட வேண்டும். புதிய மூலக்கூறு சிறியது. பழைய இரப்பர்க் குழாயினூடாகவும் ஊறிப்போகும். வளையங்கள், குழாய்கள், உலர்த்தி ஆகிய மூன்றையும் மாற்றுதல் நன்று.

அடுத்தது வெற்றிடமாக்கல். உள்ளே தங்கிய ஈரம் வால்வின் துவாரத்திற் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆனால், அமுக்கத்தைச் சாதாரண அளவின் ஏறத்தாழ 24இல் ஒரு பங்காகக் குறைத்தால், நீர் 30 பாகையிலேயே கொதித்து வெளியேறும். பம்பியை அரைமணி நேரத்துக்குக் குறையாது ஓட்டி, பின் நிறுத்தி முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. அல்லது ஈரம் எஞ்சியிருக்கிறது. இறுதியில் வாயுவை நிறுத்தே நிரப்ப வேண்டும். பழைய வாயுவின் நிறையில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை என்பது பொதுவான வழிகாட்டல்.

எச்சரிக்கையும் வேண்டும். பீறிடும் திரவம் கண்ணிற் பட்டாற் கண்ணை உறையச் செய்யும். கண்ணாடியும் கையுறையும் இன்றித் தொடலாகாது. தீயருகே ஆர்-12 பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவைத் தரும். மலிவு கருதிச் சமையல் வாயுவை நிரப்புவது காரினுள் தீயைச் சுமப்பதாகும். பழைய வாயுவை வெளியேற்றும் வேலையையும் நிரப்பும் வேலையையும் மீட்டெடுக்கும் பொறி உள்ளவரிடம் விட்டு, தேடுதலையும் வளையம் மாற்றுதலையும் தம் கையிற் கொள்வதே தாமே பழுது பார்ப்போர்க்கு ஏற்ற எல்லை.

நண்பரின் கார் இன்று குளிர்கிறது. மறைவெப்பத்தை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள் ஒருநாள் மாணவரை நல்லதொரு கராஜுக்கு அழைத்துச் செல்வார்களாயின், கரும்பலகையிற் காணாத பலவற்றை அவர்கள் காண்பர். ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறாண்டு தங்குவது. 1985ஆம் ஆண்டில் கசிந்ததிற் பெரும்பகுதி இன்றும் மேலே இருக்கிறது. உடன்படிக்கையை நாடுகள் இவ்வாறே பேணி வந்தால், ஓசோன் படை உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், அந்தாட்டிக்காவின் மேல் 2066ஆம் ஆண்டளவிலும் 1980ஆம் ஆண்டு நிலையை அடையும் என்று அறிஞர் கணித்துள்ளனர். பழைய காரைக் காப்பவர் இதனை எண்ணி, வாயுவை நிரப்புமுன் கசிவைத் தேடுவாராக.